பி.ஏ. படித்துவிட்டு ஆர்க்கிடெக்ட் ஆக முடியுமா?

கேள்வி இதுதான். அக்கா மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். கணக்கு நன்றாக வரும், ஆனால் பிடித்தது வரலாறும் படம் வரைவதும். அமெரிக்காவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் (கலை, அறிவியல் என்று பல துறைகளைக் கலந்து படிக்கும் கல்லூரி) இடம் கிடைத்திருக்கிறது. ஆர்க்கிடெக்சரை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக, எடுக்கலாம், நாலு வருஷம், முடித்தால் பி.ஏ. இங்கே பி.ஆர்க் என்ற ஐந்து வருஷ ஆர்க்கிடெக்சர் படிப்புக்கான நுழைவுத் தேர்வு நாட்டாவும் எழுதியிருக்கிறாள், அதில் இடமும் கிடைத்துவிடும் போல. "பி.ஏ. படித்தவள் எப்படி ஆர்க்கிடெக்ட் ஆவாள்? இது ஏதாவது ஏமாற்று வேலையா?" என்று தாய்மாமன் கேட்கிறார்.

ஏமாற்று வேலை இல்லை சார். நானே அந்த வழியில் வந்தவன். ஆனால் உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்த நாலு வருஷம் அவளை ஆர்க்கிடெக்ட் ஆக்காது. ஆர்க்கிடெக்ட் ஆவதற்கான படிப்புக்கு மனு போடக்கூடியவளாக ஆக்கும், அவ்வளவுதான். இதைக் கல்லூரிக்காரர்கள் மறைப்பதில்லை. ஆனால் கொட்டை எழுத்திலும் போடமாட்டார்கள்.

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சர் பட்டங்களுக்கு அங்கீகாரம் தருகிற அமைப்பு என்.ஏ.ஏ.பி. அது அங்கீகரிப்பது பி.ஆர்க், எம்.ஆர்க், டி.ஆர்க் என்ற மூன்றை மட்டுமே. நாலு வருஷப் பட்டம் எதற்கும், அது யேல் கொடுத்தாலும் பிரின்ஸ்டன் கொடுத்தாலும், அந்த முத்திரை கிடையாது. ஆக அங்கே வழி மூன்று. கார்னெல், கார்னெகி மெலன், கூப்பர் யூனியன் மாதிரி இடங்களில் ஐந்து வருஷ பி.ஆர்க், நம் ஊர்ப் படிப்புக்கு நெருக்கமானது இது. இரண்டாவது, மிச்சிகன், வர்ஜீனியா போன்ற பல்கலைக்கழகங்களில் ஸ்டூடியோ (வரைந்தும் மாடல் செய்தும் வடிவமைக்கப் பழகும் வகுப்பு) நிறைய உள்ள நாலு வருஷ பி.எஸ்., அதன்மேல் பெரும்பாலும் இரண்டு வருஷ எம்.ஆர்க். மூன்றாவதுதான் உங்கள் அக்கா மகளுக்கு வந்திருப்பது: நாலு வருஷ பி.ஏ., அதன்மேல் மூன்று அல்லது மூன்றரை வருஷ எம்.ஆர்க். (ரைஸ் பல்கலைக்கழகம் தனி ரகம். நாலு வருஷத்தில் பி.ஏ. கொடுத்து, ஒரு வருஷம் ஏதாவது ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலைக்கு அனுப்பி, திரும்பக் கூப்பிட்டு பி.ஆர்க் கொடுப்பார்கள். அதை இங்கே விட்டுவிடலாம்.)

இதில் நம்மவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, எம்.ஆர்க் என்ற பெயர். நம் நாட்டில் எம்.ஆர்க் என்றால் பி.ஆர்க் முடித்தவர் நகர வடிவமைப்பு, லேண்ட்ஸ்கேப் என்று ஏதாவது ஒன்றில் மேற்கொண்டு படிப்பது. பி.ஆர்க் இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அமெரிக்காவின் மூன்று வருஷ எம்.ஆர்க் அப்படி இல்லை. பென்சில் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்கிற முதல் தொழிற்படிப்பு அது. எங்கள் வகுப்பில் இசை படித்தவர் ஒருவர் இருந்தார், உயிரியல் படித்தவர் இருவர், வங்கி வேலையை விட்டு வந்தவர் ஒருவர். பெயர் ஒன்று, படிப்பு வேறு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மிச்சக் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

சரி, அந்த நாலு வருஷத்தில் என்னதான் படிப்பாள்? லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் மொத்தம் 32 பாடம் என்று வைத்துக்கொண்டால், மேஜருக்குப் போவது பத்துப் பன்னிரண்டு. அதிலும் ஸ்டூடியோ நாலைந்து வந்தால் பெரிது. மற்றவை கட்டடக்கலை வரலாறு, நகரங்களைப் பற்றிய படிப்பு, ஓவியம், சிற்பம். மீதி இருபதில் அவள் தத்துவம் படிக்கலாம், நிலவியல் படிக்கலாம், ஸ்பானிஷ் படிக்கலாம். பி.ஆர்க் மாணவி இரண்டாம் ஆண்டில் கான்கிரீட் தூணுக்குக் கம்பி எப்படிக் கட்டுவது என்று வரைந்துகொண்டிருக்கும்போது, இவள் மத்தியகால இத்தாலிய நகரங்களில் சந்தைத் திடல் ஏன் தேவாலயத்துக்கு முன்னால் வந்தது என்று கட்டுரை எழுதிக்கொண்டிருப்பாள்.

இது வீணா? இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மாயா லின். வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கான நினைவுச் சுவரை வடிவமைத்தவர். 1981இல் அவர் போட்டியில் ஜெயித்தபோது வயது 21, யேலில் பி.ஏ. கடைசி வருஷம். வந்த வடிவங்கள் 1,421. பெயர் தெரியாமல் எண் மட்டும் போட்டு, ஒரு விமானக் கூடாரத்தில் வரிசையாக மாட்டி வைத்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தது இன்னும் பட்டம் கூட வாங்காத ஒரு பெண் என்று தெரிந்ததும் ஊரே இரண்டுபட்டது.

அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால்தான் இந்தப் படிப்பின் கணக்கு புரியும். கல்லறை, நினைவுச் சின்னம் பற்றிய ஒரு வகுப்பு. அதில் கொடுத்த வீட்டுப்பாடம் அது. யேல் வளாகத்தில் ஒரு மண்டபச் சுவரில், போர்களில் இறந்த பழைய மாணவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர் படிக்கும் காலத்தில் வியட்நாமில் இறந்தவர்களின் பெயர்களைக் கல்தச்சர்கள் செதுக்கிக்கொண்டிருந்தார்கள், அதைத் தாண்டிப் போவார். அப்புறம் வின்சென்ட் ஸ்கல்லி என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர், பிரான்சில் தியெப்வால் என்ற இடத்தில் லட்யன்ஸ் கட்டிய நினைவுச் சின்னத்தைப் பற்றி ஒரு வகுப்பெடுத்தார். நம் புதுதில்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ்தான். முதல் உலகப் போரில் உடல் கிடைக்காமல் போன 72,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. அந்த வகுப்பு தன் மனதில் தங்கிவிட்டது என்று லின் பின்னால் எழுதினார். கட்டடக்கலை ஸ்டூடியோவில் கிடைத்தது பாதி என்றால், இன்னொரு பாதி அந்த மண்டபத்திலும் வரலாற்று வகுப்பிலும் கிடைத்தது. முதல் மாடலை உணவுக்கூடத்தில் மசித்த உருளைக்கிழங்கில் செய்து பார்த்தார் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இன்னொன்றும் இருக்கிறது. போட்டிக்கு வரைபடத்தோடு லின் ஒரு விளக்கமும் எழுதி அனுப்பினார். வடிவத்தை யோசித்ததைவிட அதை எழுதத்தான் அதிக நேரம் ஆனது என்று அவரே சொல்லியிருக்கிறார். வரைபடங்களோ மென்மையான பேஸ்டல் படங்கள், பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. தரையில் வெட்டுப்பட்ட மாதிரி இரண்டு கறுப்புச் சுவர்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 247 அடி, ஒன்று லிங்கன் நினைவகத்தைப் பார்த்து, மற்றது வாஷிங்டன் தூணைப் பார்த்து. பெயர்கள் அகர வரிசையில் இல்லை, இறந்த நாள் வரிசையில். அதனால் ஒன்றாக விழுந்தவர்கள் ஒன்றாகவே இருப்பார்கள். இதைச் சொற்களில் சொல்லாமல் எந்த நடுவருக்கும் புரியவைத்திருக்க முடியாது. எழுதத் தெரிந்த ஆர்க்கிடெக்டின் பலம் அது. (அந்தக் கறுப்புக் கிரானைட் போனது பெங்களூரிலிருந்து. அங்கே நிற்கிற நம் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார்கள்.)

ஆனால் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நானும் விளம்பரம் செய்தவனாகிவிடுவேன். அந்தச் சுவரைக் கட்ட லினுக்கு உரிமம் இல்லை. கூப்பர்-லெக்கி என்ற வாஷிங்டன் நிறுவனம்தான் சட்டப்படி ஆர்க்கிடெக்டாக இருந்து கட்டியது. நீர் எப்படி வடியும், அஸ்திவாரம் எங்கே நிற்கும், கல்லை எந்தக் கனத்தில் அறுப்பது என்பதெல்லாம் பி.ஏ.யில் வரவில்லை. சுவர் 1982 நவம்பரில் திறந்தது. அதற்கப்புறம் அவர் திரும்பப் போய் யேலிலேயே எம்.ஆர்க் படித்து 1986இல் முடித்தார். உலகப் புகழ் வந்த பிறகும் அந்த மூன்று வருஷத்தைத் தாண்டிக் குதிக்க முடியவில்லை.

என் கதை இவ்வளவு பெரிதில்லை. நியூ இங்கிலாந்தில் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தேன். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது டிரிபிள் டெக்கர் என்கிற மரவீடுகள். பாஸ்டன் பக்கம் 1880களிலிருந்து ஐம்பது வருஷம் போல ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடும்பம், ஒவ்வொரு மாடிக்கும் பின்னால் ஒரு மரத் தாழ்வாரம். ஆலைத் தொழிலாளிகள் வீட்டை வாங்கி ஒரு மாடியில் தாங்கள் இருந்துகொண்டு மற்றதை வாடகைக்கு விடுவார்கள். நான் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பின்தாழ்வாரங்களை அளந்தேன். துணிக்கொடி எந்த உயரத்தில் இருக்கிறது, படியில் யார் உட்காருகிறார்கள், மாடிக்காரர் பனியைத் தள்ளினால் யார் தலையில் விழும் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன்.

எம்.ஆர்க் முதல் பருவத்தில் அந்த நோட்டு எதற்கும் உதவவில்லை. சின்ன நூலகம் ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். விடிய விடிய உட்கார்ந்து சிப்போர்டு அட்டையை வெட்டி மாடல் செய்தேன், விரலில் இரண்டு பிளாஸ்திரி. ஜூரியில், அதாவது மாணவர் வேலையை எல்லார் முன்னாலும் விமர்சிக்கும் கூட்டத்தில் (அமெரிக்காவில் ரிவ்யூ என்பார்கள்), நான் ஐந்து நிமிஷம் அழகாகப் பேசினேன். வாசிப்பின் தனிமை, வெளிச்சத்தின் படிநிலைகள், என்னென்னவோ. வெளியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் ஆர்க்கிடெக்ட் எழுந்து வந்து என் செக்‌ஷனில், அதாவது கட்டடத்தைக் கேக் மாதிரி குறுக்கே வெட்டிக் காட்டும் படத்தில், மாடிப்படிக்கு மேலே விரலை வைத்தார். "இங்கே தலை இடிக்குமே" என்றார். இடிக்கும்தான். படிக்கு மேலே குறைந்தது 6 அடி 8 அங்குலம் வேண்டும். நான் விட்டிருந்தது 5 அடி சொச்சம். பக்கத்து மேஜையில் இருந்தவன் நாலு வருஷம் பி.எஸ். ஆர்க்கிடெக்சர் படித்துவிட்டு வந்தவன், அவன் படி வரைந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரியாக இருக்கும். அன்றைக்கு ராத்திரி ஊருக்குப் போன் போட்டு, தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் என்றேன்.

மூன்றாவது பருவத்தில் குடியிருப்பு வடிவமைப்பு வந்தது. நாற்பது வீடு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு. அப்போதுதான் அந்த நோட்டு வெளியே வந்தது. எல்லாரும் கட்டடத்தின் முகப்பில் மெனக்கெட்டுக்கொண்டிருக்க, நான் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். தாழ்வாரம், துணிக்கொடி, பையன்களின் சைக்கிள், பனி விழும் இடம். படியையும் இந்த முறை அளந்துதான் வரைந்தேன். நூலகத்தைப் பார்த்த அதே ஆர்க்கிடெக்ட் அதையும் பார்த்தார், ரொம்ப நேரம் பேசிவிட்டுப் போனார். படி வரைய ஒரு வருஷத்தில் கற்றுக்கொள்ளலாம். பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது. மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு அப்படித்தான்.

இப்போது கசப்பான பகுதி, பணமும் காலமும். நாலும் மூன்றும் ஏழு. அதற்கப்புறம் ஏ.எக்ஸ்.பி. என்ற பயிற்சிக் கணக்கில் 3,740 மணி நேரம், ஏ.ஆர்.இ. என்ற தேர்வில் ஆறு தாள். கல்லூரியில் கால் வைத்ததிலிருந்து உரிமம் கையில் வரும்வரை சராசரியாக 13 வருஷம் போல ஆகிறது என்பது அங்கே உரிமத் தேர்வை நடத்தும் என்கார்ப் அமைப்பின் கணக்கு. தனியார் கல்லூரியில் தங்கும் செலவோடு சேர்த்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் கேட்பார்கள். ஆம்ஹெர்ஸ்ட், போடோயின், யேல், பிரின்ஸ்டன் மாதிரி சில இடங்கள் வெளிநாட்டு மாணவர்களின் பண நிலையைப் பார்க்காமல் இடம் கொடுத்து, தேவைப்படுவதை முழுக்க ஈடுகட்டுகின்றன. அவளுக்குக் கிடைத்திருப்பது அப்படிப்பட்ட இடம் என்றால் பி.ஏ.வுக்கான செலவு கவலை இல்லை. ஆனால் எம்.ஆர்க்குக்கு அந்தத் தாராளம் அபூர்வம், பெரும்பாலும் பகுதி உதவித்தொகையும் கடனும்தான். கடன் வாங்கினால் திருப்பிக் கட்டும் தெம்பு வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே கணக்கில் ஆர்க்கிடெக்டின் இடைநிலைச் சம்பளம் 93,310 டாலர். மென்பொருள் எழுதுபவருக்கு அது 1,32,270. உறவுக்காரர்கள் வீட்டில் இந்த ஒப்பீடு எப்படியும் வரும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

விசா பற்றி ஒரு வரி. படிப்பு முடித்ததும் 12 மாத வேலை அனுமதி. படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வந்தால் இன்னும் 24 மாதம். ஆர்க்கிடெக்சர் வருகிறதா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஏன் ஒரே கல்லூரியில் பி.ஏ.வுக்கு ஒன்று, எம்.ஆர்க்குக்கு ஒன்று. சேரும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியது.

அடுத்தது, இதைக் கவனமாகப் படியுங்கள். அவள் இந்தியா திரும்பி வந்து தொழில் செய்யப் போகிறாளா? ஆம் என்றால் பேசாமல் இங்கேயே பி.ஆர்க்கில் சேருங்கள். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்டிக்கொள்ள கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு வேண்டும். அதற்கு அவர்கள் ஏற்கும் படிப்பு வேண்டும். நாலு வருஷ பி.ஏ. அதில் வராது. பி.ஏ.யை வைத்து இங்கே எம்.ஆர்க்கிலும் சேர முடியாது என்பதை மேலேயே சொன்னேன். சட்டம் காப்பது ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைத்தான், கட்டடம் வடிவமைப்பதையே மற்றவர்களுக்குத் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உண்மைதான். ஆனால் ஏழு வருஷம் படித்துவிட்டு 'டிசைனர்' என்று கார்டு அடிப்பதில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது. அமெரிக்க எம்.ஆர்க்கோடு திரும்பி வருவதாகத் திட்டம் இருந்தால், அந்தக் குறிப்பிட்ட பட்டத்தை ஏற்பார்களா என்று கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சேர வேண்டும். முடித்துவிட்டுக் கேட்கக்கூடாது.

அவளுக்கு இருபது வயதுக்குள்ளேயே ஆர்க்கிடெக்சர்தான் என்று நிச்சயமாகத் தெரிகிறதா, ராப்பகலாக மாடல் செய்ய ஆசையா, அப்போதும் பி.ஆர்க்தான் நல்லது. இரண்டு வருஷம் குறைவு, கையும் சீக்கிரம் பழகும். மனசு இன்னும் வரலாற்றுக்கும் படத்துக்கும் நடுவில் ஊசலாடுகிறது என்றால் பி.ஏ.வுக்கு ஒரு அருமை உண்டு: வெளியே வரும் வாசல் திறந்தே இருக்கும். என்னோடு அந்த மேஜரில் இருந்த பதினொரு பேரில் எம்.ஆர்க் போனது நாலு பேர். ஒருத்தி நகரத் திட்டமிடலுக்குப் போனாள், ஒருத்தன் அருங்காட்சியகத்தில் இருக்கிறான், இன்னொருத்தி வக்கீல். பி.ஆர்க்கில் மூன்றாம் வருஷம் பிடிக்கவில்லை என்று வெளியே வந்தவனிடம் கேட்டுப் பாருங்கள், அவன் கையில் என்ன இருந்தது என்று.

பி.ஏ. என்று முடிவானால் முதல் வருஷத்திலிருந்தே சில காரியங்களில் கண் இருக்க வேண்டும். எம்.ஆர்க் சேர பல இடங்களில் கால்குலஸும் இயற்பியலும் ஒவ்வொரு பருவமாவது கல்லூரி அளவில் படித்திருக்கச் சொல்வார்கள், கட்டடக்கலை வரலாறும் கேட்பார்கள். இதைக் கடைசி வருஷத்துக்குத் தள்ளிப்போட்டு அவதிப்பட்டவர்கள் நிறைய. போர்ட்ஃபோலியோ, அதாவது மனுவோடு அனுப்பும் சொந்த வேலைகளின் தொகுப்பு, ஆர்க்கிடெக்சர் படங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கரித்துண்டு ஓவியம், மரச் சிற்பம், புகைப்படம், நாற்காலி எதுவானாலும் சரி, கையும் கண்ணும் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஹார்வர்ட், கொலம்பியா, பெர்க்லி போன்ற இடங்களில் ஆர்க்கிடெக்சர் அறிமுகமாகக் கோடை வகுப்பு சில வாரம் நடத்துகிறார்கள். காசு கூடுதல்தான், ஆனால் இது நமக்குச் சரிப்படுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். வெல்ஸ்லியில் படித்தால் பக்கத்தில் இருக்கும் எம்.ஐ.டி.யில் போய் ஸ்டூடியோ எடுக்கலாம். மிடில்பரி என்ற சின்னக் கல்லூரி, 2011இல் சூரிய ஆற்றல் வீடு கட்டும் சோலார் டெகத்லான் போட்டியில் பொறியியல் கல்லூரிகளோடு மோதி நாலாவது இடம் பிடித்தது. வேறு சில இடங்களில் ஆர்க்கிடெக்சர் மேஜர் என்ற பெயரில் கலை வரலாறு மட்டுமே இருக்கும், ஒரு மரம் அறுக்கும் பட்டறை கூட இருக்காது.

அதனால் அவளுக்கு இடம் கொடுத்த துறைக்கு அவளையே ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். கேட்க வேண்டியது மூன்று. நாலு வருஷத்தில் எத்தனை ஸ்டூடியோ, அதை எடுப்பவர் உரிமம் உள்ள ஆர்க்கிடெக்டா? போன ஐந்து வருஷத்தில் இங்கிருந்து எம்.ஆர்க் போனவர்கள் எங்கே போனார்கள்? அவர்களில் ஒருவருடைய போர்ட்ஃபோலியோவைப் பார்க்க முடியுமா? பொதுவாக மே 1க்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள், அதற்கு முன்னால் பதில் வந்துவிட வேண்டும். வந்ததும் எனக்கு அனுப்பி வையுங்கள். அந்தப் போர்ட்ஃபோலியோவில் ஒரு செக்‌ஷனாவது இருக்கிறதா, அதில் மாடிப்படி எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.